ஆறு பாகம்

உருத்திரமூர்த்தியின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதம் ஏழு பக்கம். ஆறு பக்கங்களை நான் சும்மா புரட்டினேன். எல்லோருக்கும் வருகிற அதே பல்லவி. ஐந்தாம் பக்கத்தில் இருந்த ஒரு பந்தி மட்டும் அவன் உடம்புக்கென்றே அளந்து தைத்ததுபோல் இருந்தது.

"விண்ணப்பதாரர் தான் மயிலிட்டி என்ற ஊரைச் சேர்ந்த மீனவர் என்கிறார். தன் ஊர்க் கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டபோது, ஆறு பகுதி என்றார். எதில் ஆறு பகுதி என்று கேட்டதற்கு, ஆறு பகுதி என்றால் ஆறு பகுதிதான் என்றார். மீனவர் என்ற கூற்று நம்பத்தக்கதல்ல. ஆகவே ஏனைய கூற்றுகளும் நம்பத்தக்கவையல்ல."

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் நாங்கள் ஆறுபேர் இருந்த வீட்டின் குசினியில் வைத்து இதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன யோகண்ணை, ஆளைத் திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு எழுதியிருக்கு, நீங்கள் சிரிக்கிறியள்?"

"நீர் விசாரணையில என்ன சொன்னீர்?"

"ஆறு பாகம் எண்டு சொன்னன். உள்ளதைத்தானே சொன்னன்."

"மொழிபெயர்த்தவர் எந்த ஊர்?"

"மெட்ராஸ் பக்கம். நல்லாப் படிச்ச மனுசன்."

அங்கேதான் பிழைத்தது. படித்த மனிதருக்குப் பாகம் என்றால் முதற் பாகம், இரண்டாம் பாகம். கடலை யாரோ ஆறு பாகமாகப் பதிப்பித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. எங்கள் பக்கத்தில் பாகம் என்பது ஓர் அளவு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை ஒரு பாகம். கடலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, நிலம் தட்டியதும் கையை விரித்து விரித்து இழுத்தெடுப்பார்கள். எத்தனை விரிப்போ அத்தனை பாகம் ஆழம்.

எனக்கு இது கடலில் கற்ற அறிவு அல்ல. நான் கடலைக் கரையிலிருந்து பார்த்து மரியாதை செய்கிற சாதி. சுன்னாகம் சந்தையில் எங்கள் அப்பாவுக்குக் கயிற்றுக்கடை. கயிறு பாகக் கணக்கில்தான் கைமாறும். அப்பாவிடம் இரண்டு வேலையாட்கள் இருந்தார்கள். கயிறு திரித்துக் கொண்டுவருகிறவர்களிடம் கொள்முதல் அளக்க இராஜேந்திரம், ஆறடி இரண்டு அங்குலம், கையை விரித்தால் கடை வாசல் அடைபடும். வாடிக்கையாளருக்கு அளந்து கொடுக்கச் சந்திரகுமார், கட்டையன், ஆனால் சிரித்த முகம். ஒரே கடைக்குள் ஒரே சொல்லுக்கு இரண்டு நீளம். அந்தக் கடையில் வளர்ந்தவனுக்கு, ஒருவன் ஓர் அளவைச் சொன்னால் அளவைவிட அளந்தவனின் கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும்.

மேன்முறையீட்டை நானே எழுதினேன். லுட்சேர்ன் மரக்கறிச் சந்தையில் விலை பேசிப் பேசி நான் கற்ற ஜெர்மனில், பாகம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, தயவுசெய்து நல்ல பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. விளக்கம் கவனத்தில் எடுக்கப்பட்டது; விண்ணப்பதாரர் மீனவர் என்பதற்கு வேறு ஆதாரம் உண்டா? உண்டாயின் ஆகஸ்ட் முடிவுக்குள் அனுப்பவும்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழு, மே மாதம். மூர்த்தியின் கடற்றொழிலாளர் சங்க அட்டை வீட்டோடு எரிந்து போயிருந்தது. கடலே இல்லாத ஒரு நாட்டில், தான் கடலோடி என்று அவன் நிரூபிக்க வேண்டும். தவறினால் விமானச்சீட்டை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

*

ஜூனில் தேவாலயக்காரர் அகதிகளை ஒரு சுற்றுலா கூட்டிப் போனார்கள். பேருந்தில் இரண்டு மணி நேரம், பிறகு ஏறி நடக்க ஒரு மணி நேரம். மலைகளுக்கு நடுவே ஏழு ஏரிகள். தெரு கிடையாது, கடை கிடையாது, இயந்திரப் படகுக்கு அனுமதி கிடையாது. ஓர் ஏரியைக் கடந்தால், படகைத் தோளில் தூக்கி, மேடு ஏறி இறங்கி, அடுத்த ஏரியில் போட்டுத் தள்ள வேண்டும். விடுமுறைக்கு இப்படிப் பாரம் சுமக்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் முதல் ஏரியின் கரையில் நின்று பார்த்தபோது கேலி மறந்துபோனது. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீரில், மலை தலைகீழாக ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரிந்து கிடந்தது. விலை சொல்ல முடியாத சரக்கை அன்றுதான் கண்டேன்.

இருமுனையும் கூரான அந்த மெல்லிய படகை அங்கே கனடியர் என்கிறார்கள். கனடா போகவென்று ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு இங்கே இறங்கிய எங்களில் பலருக்கு அந்தப் பெயர் ஓர் ஆறுதலாக இருந்தது.

படகுக் கழகத்தார் எங்களுக்குப் பாதுகாப்புச் சட்டை மாட்டி, துடுப்புப் பிடிக்கிற விதத்தைப் படம் போட்டு விளக்கினார்கள். மூர்த்தி படத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான். பிறகு படகில் முழங்கால் ஊன்றி, ஒற்றைத் துடுப்பைப் போட்டான். எதிர்க்காற்று. மற்றவர்கள் நண்டுபோல் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்க, அவன் நூல் பிடித்ததுபோல் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தான். தோள் அசைந்ததே தவிர தலை அசையவில்லை.

கரையில் கழகத் தலைவி நின்றார். நீடர்பெர்கர் அம்மையார், பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கலியாணம் செய்யாதவர், முழங்கால்வரை காலுறை. முதல் நாளே அவர் எங்களுக்கு "ரீச்சர்" ஆகிவிட்டார்.

"இவர் எங்கே பழகினார்?" என்று என்னைக் கேட்டார்.

"கடலில், ரீச்சர். ஆனால் அரசாங்கம் அதை நம்பவில்லை."

முழுக் கதையையும் சொன்னேன். பாகம் என்று கையை விரித்துக் காட்டியதும் ரீச்சர் என்னை நிறுத்தினார்.

"கிளாஃப்டர்!" என்றார். "எங்கள் ஊரில் விறகு அளப்பது அதில்தான். இதே கை, இதே விரிப்பு. எங்கள் பாஷையிலேயே சொல் இருக்கிறதே!"

அந்த ஒற்றைச் சொல் விசாரணை மேசைவரை போய்ச் சேராமல் மூர்த்தியின் தலைவிதி தொங்குகிறது.

கழகத்துக்கு அப்போது ஒரு வேலை இருந்தது. ஏழு ஏரிகளின் புதிய வரைபடம் அச்சிட வேண்டும். ஒவ்வொன்றின் ஆழமும், ஏழில் எது ஆழங்கூடியது என்பதும் அதில் வரவேண்டும். ரீச்சர் மூர்த்தியைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு வந்து அளக்கட்டும். நான் கண்ணால் கண்டதை எழுதித் தருவேன்."

"காணாததையும் கொஞ்சம் சேர்த்து எழுதினால்..." என்று நான் இழுத்தேன்.

"காணாததை எழுத மாட்டேன்."

விலை குறைக்காத வியாபாரியை முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

*

மூர்த்தி ஒரு வாகனத் திருத்தகத்தில் கழித்துப்போட்ட ஈயத் துண்டுகளை வாங்கி, எங்கள் குசினி அடுப்பில் உருக்கிக் குண்டு வார்த்தான். வீட்டுக்காரி கண்டிருந்தால் அடுத்த கடிதம் எனக்கு வந்திருக்கும். குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் பட்டர் அப்பினான். நிலத்தில் என்ன இருக்கிறதென்று பட்டரில் ஒட்டிக்கொண்டு வருமாம்.

"ஊரில மாட்டுக்கொழுப்பு, இங்க பட்டர்," என்றான். "சுவிசுக் குளமல்லோ, மரியாதையாச் செய்வம்."

ஞாயிறன்று அங்கே போனால் ஹேர் புஹர் தன் இயந்திரத்தோடு காத்திருந்தார். அவர் ஊரில் வானொலிப் பெட்டிக் கடை வைத்திருப்பவர். இயந்திரம் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது நிலத்தில் பட்டுத் திரும்புகிற நேரத்தைக் கொண்டு ஆழம் சொல்லும். மூர்த்தியின் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல தரமான பேப்பர் வெயிட் என்றார். சரக்கு தெரிந்தவன் எதிராளியின் சரக்கை இப்படித்தான் குறைத்துப் பேசுவான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் ரீச்சர் தன் முப்பது மீற்றர் உருக்கு அளவுநாடாவை எடுத்தார். மூர்த்தி படகுக் குடிலின் சுவரோடு கைகளை விரித்து நிற்க, ஒரு மீற்றர் எழுபத்துமூன்று என்று குறித்தார். பிறகு புல்லில் கயிற்றைப் போட்டுப் பத்துப் பாகம் இழுக்கச் சொல்லி அளந்தார். பதினேழு மீற்றர் இருபத்தெட்டு. பத்துப் பாகத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம்.

"இன்னொருதரம்," என்றார். மறுபடியும் பதினேழு இருபத்தெட்டு.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் இராஜேந்திரத்தின் பாகம் காலையில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. இப்படி ஒரு கை எங்கள் கடையில் இருந்திருந்தால் அப்பா வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்.

படகில் முன்னால் மூர்த்தி, பின்னால் ரீச்சர், நடுவில் சரக்குப்போல மொழிபெயர்ப்பாளனாகிய நான். எனக்கு நீந்தத் தெரியாது.

"அண்ணை, படகை அந்தப் பிடி பிடிக்காதையுங்கோ. அது ஓடாது."

"அது ஓடாது. நான் விழுந்திடுவன் எண்டுதான் பிடிக்கிறன்."

"விழுந்தால் பாகத்தை நீங்களே எண்ணிக்கொண்டு போங்கோ."

ஏரி ஏரியாகப் போனோம். ஹேர் புஹர் தன் படகிலிருந்து இயந்திரம் காட்டியதைக் கத்துவார். மூர்த்தி குண்டை விடுவான். கயிறு அவன் விரல்களுக்கிடையே ஓடும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். நிலம் தட்டியதும், "சேறு" என்பான், "கல்லு" என்பான். குண்டு மேலே வந்ததும் பார்த்தால் பட்டரில் சேறு, அல்லது சுத்தமான பட்டர். ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. பெரிய ஏரியில் இயந்திரம் முப்பத்துமூன்று மீற்றர் என்றது. மூர்த்திக்குப் பத்தொன்பது பாகம். ரீச்சர் தாளில் பெருக்கிப் பார்த்தார். முப்பத்திரண்டு எண்பத்தேழு.

ஹேர் புஹர் தன் தொப்பியைக் கழற்றினார். பிறகு, கழற்றியது வெக்கைக்காக என்பதுபோல் விசிறிக்கொண்டார்.

கடைசியாக இருந்தது ஆட்டு ஏரி. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பால்கட்டி செய்கிற ஒரு கிழவரின் மாட்டுக் கொட்டகை. சின்ன ஏரி, எங்கள் ஊர்க் கேணியை நாலு பக்கமும் கொஞ்சம் இழுத்துவிட்டது மாதிரி. இயந்திரம் அங்கேயும் இங்கேயும் ஓடிப் பார்த்துவிட்டு, ஆகக்கூடியது இருபத்திரண்டு என்றது. ஹேர் புஹர் பெரிய ஏரிதான் ஆழங்கூடியது என்று கொப்பியை மூடினார். மூர்த்தி பாறைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"என்ன?" என்றேன்.

"தண்ணி அந்த மூலையில வேற நிறமாக் கிடக்கு. பாறையின்ர நிழலோ, பள்ளமோ தெரியேல்லை. ஆரையும் கேட்டால் நல்லம்."

ரீச்சர் கிழவரிடம் கேட்டார், இந்த ஏரி ஆழமா என்று. கிழவர் தோளைக் குலுக்கினார். பட்டணத்துக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். இது என் துறை. சந்தையில் ஒருவனிடம் உண்மை கேட்டால் வராது. அவன் சரக்கை இகழ்ந்தால் வரும்.

"விடுங்கள் ரீச்சர்," என்றேன், கிழவருக்குக் கேட்கும்படி. "இந்தக் குட்டையை வரைபடத்தில் போடுவதே தாள் செலவு. மாடு கால் கழுவுகிற தண்ணீர்தானே."

கிழவர் வாளியை நிலத்தில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. அந்த மலைப் பேச்சில் பாதிதான் எனக்கு விளங்கியது. குட்டையா? யார் சொன்னது? மற்ற ஆறும் உறைந்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் இது உறையும்! பெரிய ஏரிக்கு மேலே ஆட்கள் நடந்து போகிறபோது, இங்கே அந்தப் பாறை மூலையில் அலை அடிக்கும்! தகப்பன் காலத்திலும் அப்படித்தான், பாட்டன் காலத்திலும் அப்படித்தான்!

நான் மூர்த்திக்குச் சொன்னேன். பனிக்கட்டியோடு பழக்கமில்லாத அவனுக்கு அதில் ஒன்றும் தட்டவில்லை. ரீச்சர்தான் பாறை மூலையைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆழமான தண்ணீர் ஆறுவதற்கு நாள் எடுக்கும். ஆகவே கடைசியில் உறையும்." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் கேட்ட முறை சரியான முறை அல்ல," என்றார். "ஆனால் நல்ல கேள்வி."

மூர்த்தி படகைப் பாறை மூலைக்கு மெதுவாகக் கொண்டுபோனான். குண்டை விட்டான். இருபத்திரண்டு மீற்றருக்குப் பதின்மூன்று பாகம் போதும். கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கண் மூடியிருந்தது. பின் நின்றது.

"கல்லு," என்றான். இழுக்கத் தொடங்கினான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." நனைந்த கயிறு என் மடியில் குவிந்தது. பதின்மூன்று வந்தது, போனது. பதினெட்டு. இருபது. பாறையில் பட்டு அவன் குரல் திரும்பி வந்தது. "இருவத்திநாலு."

நாற்பத்தொன்றரை மீற்றர்.

"முடியாது," என்றார் ஹேர் புஹர். இயந்திரத்தை அதே இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். இருபத்திரண்டு. "பார்த்தீர்களா? கயிறு சரிந்து போயிருக்கும். சரிந்தால் நீளம் கூடும்."

"காத்தில்லை, ஓட்டமில்லை, கயிறு ஏன் சரியிது?" என்றான் மூர்த்தி. நான் மொழிபெயர்த்தேன். அவர் இயந்திரத்தைத் தட்டிக்காட்டினார். நான் ரீச்சரைப் பார்த்தேன். இந்த ஓர் எண்ணை அவர் நம்பாவிட்டால், மற்ற ஆறு ஏரிகளையும் சரியாக அளந்ததற்கு மதிப்பிருக்காது. ஒன்றில் பிழைத்தவன் எல்லாவற்றிலும் பிழை என்று எழுதுகிற கடிதத்தை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை வாசித்திருந்தோம்.

"மூர்த்தி," என்று மெல்லச் சொன்னேன், "ஒருவேளை எண்ணிக்கை தவறியிருக்குமோ? கொஞ்சம் குறைச்சுச் சொன்னால் மனுசன் சமாதானமாய்ப் போயிடுவார். நடுவில ஒரு முப்பதுக்கு..."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. கோபம்கூட இல்லை. நான் என்ன பாஷை கதைக்கிறேன் என்று யோசிக்கிறவன்போல் பார்த்தான்.

"அண்ணை, இது கயிறு விக்கிற இடமில்லை," என்றான். "இருவத்திநாலு எண்டால் இருவத்திநாலு."

ரீச்சர் அளவுநாடாவை எடுத்தார். மூர்த்தியின் குண்டை அவிழ்த்து நாடாவின் நுனியில் கட்டச் சொன்னார். தானே படகின் விளிம்பில் குப்புறப் படுத்து நாடாவை விட்டார். பத்து. பதினைந்து. இருபத்திரண்டு கடந்தபோது ஹேர் புஹர் எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து. முப்பது. நாடா முடிந்தது. ரீச்சர் கடைசி வளையத்தைப் பிடித்தபடி, கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டார். அந்தக் குளிரில் முகம் வெளிறிப் போனது. குண்டு இன்னும் தொங்கிக்கொண்டு இருந்தது. நாடா வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது.

"நிலம் இல்லை," என்றார். ஜெர்மனில் இரண்டே சொல்.

நாங்கள் நாலுபேரும் அந்தக் கறுத்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் கால் கழுவிப் போன ஒரு சின்னக் குட்டை, மலை எவ்வளவு உயரம் போகிறதோ அந்த வீம்போடு கீழேயும் போகிறது. பயம் மறந்து நான் படகின் விளிம்பை விட்டிருந்தேன்.

அங்கே பாறைக்குள் ஓர் ஒடுங்கிய கிடங்கு என்று ரீச்சர் பிறகு விளக்கினார். கிணற்று வாயில் நின்று கத்தினால் முதலில் திரும்பி வருவது சுவரின் குரல்தான். இயந்திரத்துக்குக் கேட்டது அது. ஹேர் புஹர் கொப்பியைத் திறந்து தன் இருபத்திரண்டைத் தானே வெட்டி, நாற்பத்தொன்றரை என்று எழுதி, பக்கத்தில் மூர்த்தியின் பெயரை எழுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார். உருத்திரமூர்த்தி என்பதற்கு ஜெர்மன் எழுத்தில் ஒரு வரி முழுக்க வேண்டும். கடை வைத்திருப்பவன் எல்லார் முன்னிலையிலும் தன் சரக்கின் பழுதை ஒப்புக்கொண்டதை நான் அன்றுதான் கண்டேன்.

*

ரீச்சரின் கடிதம் ஒரு பக்கம். ஏழு ஏரிகள், பதினெட்டு இடங்கள், வித்தியாசம் எவ்வளவு, சாட்சி யார். வாசித்துவிட்டு நான் சொன்னேன், "முடிவில் இவர் மயிலிட்டியின் மிகச் சிறந்த மீனவர் என்று ஒரு வரி."

"அவர் மீன் பிடித்து நான் காணவில்லை."

"கண்டமாதிரி வேண்டாம். கேள்விப்பட்டமாதிரி."

"யாரிடம்?"

"என்னிடம்."

ரீச்சர் என்னை, வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனால் கடிதம் போதாது என்பது அவருக்கும் விளங்கியிருந்தது. அளக்கத் தெரிந்தவன் என்று அது சொல்லும். அந்தக் கடலில் அளந்தவன் என்று சொல்லாது. இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். பாசல் நகரில் கப்பற்காரருக்குப் புத்தகம் விற்கிற ஒரு கடை மூலம் இங்கிலாந்திலிருந்து எங்கள் வடகடலின் வரைபடத்தை எடுப்பித்திருந்தார். கடல் முழுக்க ஆழ எண்கள். அவை மீற்றர் அல்ல, இங்கிலீசுக்காரரின் பாகம்!

நான் அன்று பின்னேரமே ரயில் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். "ரீச்சர், அதை மூர்த்தி ஒருக்கால், ஒரே ஒருக்கால் பார்த்தால் போதும்."

"பார்த்தால் அது சாட்சி இல்லை. மனப்பாடம்."

வரைபடம் இருந்த உறை ஏற்கெனவே அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கோப்பி தந்தார், கேக் தந்தார், உறையைத் தரவில்லை. வீட்டுக்கு வந்து மூர்த்தியிடம் சொன்னேன், உனக்காக நான் பட்ட பாட்டை. அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கேன் படம்?" என்றான். "நான் அங்க இருந்தனான்தானே."

*

மறுவிசாரணை செப்டெம்பரில். ரீச்சரைச் சாட்சியாக உள்ளே விட்டார்கள். என்னை நடைவழி வாங்கில் விட்டார்கள். ஆகவே உள்ளே நடந்ததை ரீச்சர் சொன்னதையும் மூர்த்தி சொன்னதையும் ஒத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் சொன்னது ஒன்றாக இருந்தது. இரண்டு வியாபாரிகள் ஒரே விலை சொன்னால் நான் சந்தேகப்படுவேன், இவர்கள் விடயத்தில் படவில்லை.

இம்முறை மொழிபெயர்க்க வந்தவர் சோலோதுர்னில் இருந்து சிவமலர் என்ற ஒரு பெண்பிள்ளை. பருத்தித்துறைக்காரி. மூர்த்தி பாகம் என்று வாய் திறந்ததும் அவர் யோசிக்காமல் "கிளாஃப்டர்" என்றாராம். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, கையை விரித்து, "இதுவா?" என்றாராம். நாலு மாதப் பிரச்சினை நாலு விநாடியில் முடிந்தது.

ஆனால் அந்த அதிகாரி லேசுப்பட்டவர் அல்ல. அரக்கை உடைத்து வரைபடத்தை விரித்தார். ஒரு தாளைக் கிழித்து எண்களை மூடினார். தாள் மறைக்காத கரையைக் காட்டி, இது எது என்றார். மூர்த்தி முதலில் காங்கேசன்துறை வெளிச்சவீட்டைத் தேடிப் பிடித்தான். அதிலிருந்து விரலை நகர்த்தினான்.

"வெளிச்சவீட்டையும் சீமெந்து ஆலைப் புகைபோக்கியையும் ஒண்டாக் கண்டால், இதில மூண்டு. இன்னும் போனால் நாலு. இந்த வரிசை முழுக்க ஆறு, அடியில சேறு. இதில அடியில பார்க்கல்லு, ரெண்டு பாகந்தான், வலை கிழியும்."

அவன் சொல்லச் சொல்ல அதிகாரி தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். மூன்று. நாலு. ஆறு, ஆறு, ஆறு. கல்லுக்கு நேரே ரெண்டு. ரீச்சர் தன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். தன் மாணவன் ஒருவன் பரீட்சையில் சித்தியடைந்தபோதுகூட அவருக்கு அப்படி இருந்ததில்லையாம்.

கடைசியாக ஓர் இடம். மூர்த்தி மூன்று என்றான். தாள் நகர்ந்தது. ஐந்து.

அதிகாரி பேனையை எடுத்தார். "இங்கே பிழை."

சிவமலர் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பக்கமாக மெல்லச் சேர்த்தாராம், "அண்ணை, வடிவா யோசிச்சுப் பாருங்கோ. நாலரை, அஞ்சு வராதோ?"

"வராது தங்கச்சி. மூண்டுதான். படம் பிழை. அறுபத்திநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு அதில மணல் ஏறிப்போச்சு. அதுக்கு முந்தி அஞ்சு எண்டு அப்பு சொல்லுவார்."

இங்கிலாந்துக்காரரின் கடற்படை வரைபடத்தைப் பிழை என்கிறான், வேட்டி கட்டி வள்ளம் தள்ளிய ஒருவன், அதுவும் தன்னைத் திருப்பி அனுப்பக்கூடிய மனிதரின் முகத்துக்கு நேரே. நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் கடலை இரண்டு பாகம் தோண்டிக் கொடுத்திருப்பேன்.

அதிகாரி ரீச்சரைப் பார்த்தார். "நீங்கள் பூகோளம் படிப்பித்தவர். என்ன சொல்கிறீர்கள்?"

"நான் அந்தக் கடலைக் கண்டதில்லை," என்றார் ரீச்சர். "இவருக்கும் ஓர் இயந்திரத்துக்கும் வித்தியாசம் வந்ததை ஒருமுறை கண்டேன். அன்று இயந்திரக்காரரே தன் எண்ணை வெட்டினார். அளந்த ஆண்டைப் பாருங்கள்."

வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஆண்டு இருந்தது. புயலுக்கு முப்பது வருடம் முந்தியது. அதிகாரி அதைக் கண்ணாடி வைத்து வாசித்தார். பேனையை வைத்துவிட்டு வரைபடத்தை மடித்தாராம், வெகு கவனமாக, பழைய மடிப்புகளிலேயே.

பதினொரு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இம்முறை இரண்டு பக்கம். குசினியில் எல்லோரும் சுற்றி நிற்க நான் உரக்க வாசித்தேன். மேன்முறையீடு ஏற்கப்பட்டது, இங்கே இருக்கலாம். காரணம் சொல்கிற இடத்தில், "கடலின் ஆழம் குறித்து விண்ணப்பதாரர் கூறியவை நம்பத்தக்கவை" என்று இருந்தது. யாரோ கைதட்டினார்கள். யாரோ தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்கள். மூர்த்தி என் கையிலிருந்து தாளை வாங்கி, தனக்குத் தெரியாத எழுத்துகளைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லா ஆழமும் எண்டோ போட்டிருக்கு, அண்ணை? அந்த மூண்டும் சேர்த்தோ?"

"எல்லாம் சேர்த்துத்தான் ஐசே. இருக்கலாம் எண்டு வந்திட்டுது, இனி ஏன் அந்த மூண்டு?"

"அப்ப படம் கீறினவங்களுக்கு ஒரு கடிதம் போடவேணும். அஞ்செண்டு நம்பிப் பெரிய வள்ளத்தோட வாறவன் அதில தரைதட்டிப் போவான். எந்த நாட்டுக்காரனோ, ஆர் பெத்த பிள்ளையோ." கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டான். "நீங்கள்தானே கடிதம் எழுதிறதில விண்ணன். இங்கிலீசில எழுதுங்கோ. இடத்தை நான் சொல்லுறன்."